பி-யா, டி-யா

ஜூன் 12, புதன்

புனேயிலிருந்து பதில் வந்துவிட்டது. நாற்பது நாளில் பதினொரு மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன். ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய பதில் இது ஒன்றுதான்.

அவர் பெயர் அனிகேத். என் பிரெய்ல் பலகையைச் செய்த கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி மூடி மூன்று வருடமாகிறது. இப்போது வேறு கம்பெனியில் தண்ணீர் மீட்டர் செய்கிறாராம். இருந்தும் என் கடிதத்தை வரிவரியாகப் படித்துப் பதில் எழுதியிருக்கிறார்.

பலகையைப் பற்றி ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். பென்சில் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே வரிசையாக இருபது கட்டங்கள், கட்டத்துக்கு எட்டு முனைகள். கணினியில் என்ன எழுத்து வருகிறதோ அதற்குத் தக்கபடி முனைகள் எழும்பும், அமிழும். பார்வையில்லாத நான் அதை விரலால் தடவிப் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் மேசைமேல் அதை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருடமாக வரலாறு நடத்தினேன். மே மாதம் இணையத்தில் கிடைத்த ஒரு புதுப்பிப்பை அதில் ஏற்றினேன். பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜில் போடாமல் ஆரம்பித்தது நான்தான். அதோடு பலகை ஊமையாகிவிட்டது.

அனிகேத் எழுதியது: "உள்ளே இருக்கும் சிப் கெடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதற்கு மறந்துவிட்டது. வெளியிலிருந்து அதனோடு நேராகப் பேச ஒரு யூஎஸ்பி அடாப்டர் உண்டு. தீப்பெட்டி அளவு இருக்கும். நான்கு கம்பி. உங்கள் கணினியில் இருக்கும் லினக்ஸிலேயே வேலை செய்யும். பழைய மென்பொருள் கோப்பு என்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்."

என் கணவர் தனபாலனிடம் சொன்னேன். "அடாப்டர ஆர்டர் போட்டுரு மங்கை" என்று கத்தினார். சந்தோஷத்தில் கத்தினார் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் கத்துகிறார். நாள் முழுக்க அலுவலகத்தில் தொலைபேசி எடுத்து எடுத்து அப்படி ஆகிவிட்டதோ என்னவோ.

ஜூன் 15, சனி

ஆர்டர் போட்டாயிற்று. ஒரு வாரமாகும்.

திரைவாசிப்பானின் குரல் வரவரத் தெளிவாக இல்லை. கணினியில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் அது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். இயர்போன் மாற்றினேன். இந்த வருடத்தில் இது மூன்றாவது இயர்போன். எல்லாமே மட்டமான சரக்கு.

தோசை மாவு புளித்துவிட்டது. இருந்தாலும் ஊற்றினேன்.

ஜூன் 19, புதன்

தலைமையாசிரியை ரெஜினா மதிய இடைவேளையில் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு நிமிடம் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"மங்கை டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பிளஸ் டூ பிள்ளைங்க வந்து சொல்றாங்க. டவுட் கேட்டா நீங்க கண்டுக்காமப் போய்க்கிட்டே இருக்கீங்களாம்."

"முணுமுணுன்னு கேட்டா நான் என்ன செய்யிறது? எந்திரிச்சு வாயத் தொறந்து கேக்கச் சொல்லுங்க."

"எந்திரிச்சுதான் கேட்டுச்சாம், அந்தப் பிள்ள தமிழ்முல்லை. மூணு தடவ."

அவரே தொடர்ந்தார்.

"பப்ளிக் எக்ஸாம் இருக்கு. ஜூலை கடைசி வரைக்கும் பாப்போம். சிரமமா இருந்தாச் சொல்லுங்க, லைப்ரரிய நீங்க எடுத்துக்கிட்டு கிளாஸ வேற ஆளுக்குக் கொடுத்துறலாம். சம்பளத்துல ஒண்ணும் மாறாது."

சம்பளத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

பலகை இருந்தால் இதெல்லாம் வராது. குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன். அதை மறந்துவிடக் கூடாது என்ற கவனத்தில் பிள்ளைகள் கேட்பது காதில் விழுவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 22, சனி

அடாப்டர் வந்துவிட்டது. உண்மையிலேயே தீப்பெட்டிதான். ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் வரிசையாகக் குச்சிகள். நான்கு மெல்லிய கம்பிகளும் கூடவே இருந்தன.

காலை வேலைகளை ஒன்பது மணிக்கெல்லாம் முடித்துவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு டெர்மினல் பிடிக்கும். படமும் கிடையாது, சுட்டியும் கிடையாது. நான் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி சொல்லும். கண்ணுள்ளவர்களுக்கும் எனக்கும் அங்கே ஒரே மரியாதை.

அடாப்டரைச் செருகி, என்னென்ன யூஎஸ்பி சாதனங்கள் இருக்கின்றன என்று கேட்டேன். பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தது. ஆக, அடாப்டர் வந்திருப்பது கணினிக்குத் தெரிகிறது. அடுத்து, சிப்போடு பேசும் நிரலை ஓட்டினேன். "அனுமதி இல்லை" என்று சொல்லிவிட்டது.

அனிகேத்திடம் கேட்டேன். சனிக்கிழமையாக இருந்தும் ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தெரியாத சாதனத்தைச் சாதாரண ஆள் தொட லினக்ஸ் விடாதாம். இன்ன எண் உள்ள சாதனத்தை இவர் தொடலாம் என்று ஒரு விதியை எழுதி, விதிகள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டுமாம். ஒரே ஒரு வரி. அதில் இரண்டு எண்கள் வரும். ஒன்று செய்தவரின் எண், இன்னொன்று பொருளின் எண். இரண்டும் பட்டியலில் வந்த வரியிலேயே இருக்கின்றன.

முதல் எண் பூஜ்யம் நான்கு எட்டு மூன்று. இரண்டாவது மூன்று ஏழு நான்கு டி. கடைசியில் இருப்பது எண்ணல்ல, ஆங்கில எழுத்து.

தட்டிச் சேமித்தேன். விதிகளை மறுபடி படிக்கச் சொன்னேன். அடாப்டரைப் பிடுங்கிச் செருகினேன்.

அனுமதி இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

அனுமதி இல்லை.

மேற்கோள் குறிகளைச் சோதித்தேன். காற்புள்ளிகளைச் சோதித்தேன். கோப்பின் பெயரை மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது. தனபாலன் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"ஏழு விசிலு!" என்று கத்தினார்.

"எண்ணிக்கிட்டு உக்காந்திருந்ததுக்கு முன்னாடியே வந்து அணைக்க வேண்டியதுதானே?"

அதற்கு அவர் ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை, கேட்கவும் எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நிர்வாகிக் கணக்கில் ஓட்டினால் அனுமதிப் பிரச்சினையே வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் அனிகேத் எச்சரித்திருக்கிறார்: அழிக்கும் வேலை, எழுதும் வேலை எல்லாம் பின்னால் வரப்போகிறது, சர்வ அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம், ஒரு எழுத்துப் பிசகினாலும் கணினியே போய்விடும். நியாயம்தான். வாசல் திறக்கவில்லை என்பதற்காகக் கூரையைப் பிரித்து இறங்குவானேன்?

என் விதியை அவருக்கு அனுப்பினேன். "வரியின் அமைப்பு சரியாக இருக்கிறது. எண்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்" என்று எழுதினார்.

எண்களை இருபது தடவை கேட்டாயிற்று. மூன்று ஏழு நான்கு டி. டி-தான்.

ஜூன் 27, வியாழன்

இன்றும் அதே.

ஜூன் 30, ஞாயிறு

அலாவுதீன் பாய் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். என் போன், தனபாலனுடைய போன் இரண்டையும் பல வருடமாக அவர்தான் பார்க்கிறார். எப்படியும் பலகையைப் பிரித்து உள்ளே நான்கு கம்பி பற்றவைக்க ஆள் வேண்டும். விதி சரியாகும்வரை காத்திருக்காமல் அந்த வேலையையாவது முடித்துக்கொள்ளலாம் என்று பலகை, அடாப்டர், மடிக்கணினி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன்.

கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, இத்தனை நாள் பட்ட பாட்டைச் சொன்னேன். இயர்போனைக் கழற்றிவிட்டு, குரல் வெளியே கேட்கும்படி வைத்து, பட்டியலை மறுபடி படிக்கவிட்டேன்.

"இந்தா பாருங்க பாய். மூணு ஏழு நாலு டி. அதையேதான் விதியிலயும் போட்டிருக்கேன்."

அவர் கிட்டே வந்து குனிந்தார். சால்டரிங் புகையும் ஜவ்வாதும் கலந்து வாசம் வந்தது.

"டீச்சர், அங்க 'பி' இருக்கு."

"எங்க?"

"லிஸ்ட்டுல. மூணு ஏழு நாலு பி. நீங்க கீழ 'டி' போட்டிருக்கீங்க."

"அது டி-ன்னுதானே சொல்லுது!"

"இல்ல டீச்சர்." அவர் கொஞ்சம் தயங்கினார். "பொட்டி 'பி'ன்னுதான் சொல்லுது. எனக்கு நல்லாக் கேக்குது."

மறுபடி ஓடவிட்டேன். என் காதில் டி. இன்னொரு முறை. டி-யா, ஈ-யா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"பஸ் சத்தம்" என்றேன்.

"இன்னிக்கு ஸ்ட்ரைக்கு டீச்சர். ஸ்டாண்டுல ஒரு வண்டி இல்ல." பிறகு மெதுவாக, அதாவது என்னருகே வந்து, சொன்னார்: "நீங்க ஆட்டோல வந்து எறங்குறப்ப பின்னாலேருந்து மூணு வாட்டி கூப்பிட்டேன். நேரா நடந்து போஸ்ட்டுல இடிக்கப் போனீங்க. நான் ஓடி வந்து கையப் புடிச்சேன். எதுக்குப் புடிக்கிறேன்னு திட்டுனீங்க."

திட்டினேன்தான்.

எழுத்தை மாற்றினேன். விதிகளை மறுபடி படிக்கச் சொன்னேன். பிடுங்கிச் செருகினேன். நிரலை ஓட்டினேன். அடாப்டர் கிடைத்தது, வேலை செய்கிறது, இன்ன பதிப்பு என்று நான்கு வரி பதில் வந்தது. ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த வாசல் ஒரே எழுத்தில் திறந்துவிட்டது.

எழுத்தின் மேல் நின்று ஒரு சாவியை இரண்டு தடவை அழுத்தினால், திரைவாசிப்பான் "பி ஃபார் பால்" என்று விளக்கிச் சொல்லும். எனக்குத் தெரியாததா? எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த எட்டு நாளில் ஒருமுறைகூட அந்தச் சாவியை நான் அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை என்று எழுத இன்றைக்கு முடியாது.

ஜூலை 1, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

பத்தொன்பது வயதில் பார்வை முழுக்கப் போனபோது மதுரையில் ஒரு டாக்டர் பார்த்தார். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "இந்த வகை சில பேருக்குக் கண்ணோட நிக்காதும்மா. பின்னால காதுக்கும் வரலாம். வராமலும் போகலாம். வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிக்கங்க." இருபத்திரண்டு வருடமாகிறது. ஒருமுறைகூடப் பண்ணவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கல்யாணம் பேசும்போது தனபாலனிடமும் சொல்லவில்லை.

இன்று மாலை அவர் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பி, டி வரைக்கும்.

அவர் வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். வலது காது கொஞ்சம் பரவாயில்லை எனக்கு. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது.

"தெரியும் மங்கை."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா. நாள் பூரா போன்ல உக்காந்திருக்கவன் நான். எதிர்ல இருக்கவங்களுக்குக் கேக்குதா கேக்கலையான்னு தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். அதான் சத்தமாப் பேசிப் பழகிக்கிட்டேன். ஆபீஸ்லகூட ஏன் சார் கத்துறீங்கன்னு கேக்குறாங்க."

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவருக்கும் பார்வை கிடையாது, பிறவியிலிருந்தே. இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது குரல் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு அறையில் அடைபட்டது மாதிரிதான். பதினான்கு வருட வாழ்க்கையில் நான் பயந்தது இது ஒன்றுக்குத்தான். பயத்துக்குப் பெயர் வைத்தால் அது வந்துவிடும் என்று இயர்போனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் என் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 3, புதன்

பள்ளி விட்டதும் நேராகப் பாய் கடை.

பலகையைப் பிரித்து நான்கு கம்பிகளையும் பற்றவைத்துவிட்டார். எர்த் எனும் தரைக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் பெயர் வைத்தது நான். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போக ஒரு கம்பியில் தாளம் தட்டுமாம், இன்னொன்றில் பேச்சு நடக்குமாம். அனிகேத் சொன்னதை அப்படி வைத்துக்கொண்டேன்.

நிரலை ஓட்டினேன். எதிர்ப்பக்கம் மின்சாரம் பூஜ்யம் என்றது. இரண்டு மாதமாகப் பேட்டரி காலி, பின்னே? சார்ஜரைச் செருகி அரை மணி நேரம் காத்திருந்தோம். பாய் டீ வாங்கி வந்தார். மறுபடி ஓட்டினேன். மின்சாரம் மூன்று புள்ளி இரண்டு வோல்ட். நல்லது. ஆனால் சிப் பேசவில்லை.

"லைட்டு செவப்பா மினுக்குது டீச்சர்" என்றார் பாய்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு எண்ணையும் சாவியை இரண்டு தடவை அழுத்தித்தான் கேட்கிறேன். நேரமாகிறது. ஆகட்டும்.

ஜூலை 6, சனி

தாளக் கம்பியும் பேச்சுக் கம்பியும் இடம் மாறியிருந்தன. பாய் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். "நான் எட்டு நாள் டி-யைக் கட்டிக்கிட்டு அழுதேன் பாய், நீங்க மூணு நாள்தானே" என்றேன். கம்பியை மாற்றிப் பற்றவைத்தார்.

நிரலை ஓட்டினேன். சிப் பதில் சொன்னது!

அது சொன்ன முதல் வரியை அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்: "ஆறு நிறுத்துமிடங்கள், நான்கு காவலிடங்கள் உள்ளன." இதற்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் சிப்பை எந்த இடத்தில் நிறுத்தலாம், எதைக் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்ற கணக்கு. எனக்கு என்னவோ, இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்த ஆள் கண் விழித்துத் தன் வீட்டில் எத்தனை அறை என்று சரியாகச் சொன்னது மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். சிப்புக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அதன்பின் புதிதாக எழுதித்தான் ஆக வேண்டும்.

அனிகேத் பழைய கோப்பைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டார். கூடவே ஒரு குறிப்பு: "பலகை இரண்டு விதமாக வந்தது. அடிப்பக்கம் அச்சடித்த எண் மூன்று என்றால் இந்தக் கோப்பு பொருந்தும். எட்டு என்றால் பொருந்தாது. தவறான கோப்பை ஏற்றினால் முனைகளை எழுப்பும் உயர் மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து கட்டங்கள் கருகிவிடக் கூடும். அந்தக் கட்டங்கள் இப்போது எங்கும் கிடைக்காது. எட்டாம் பதிப்பின் கோப்பு என்னிடம் இல்லை."

மூன்றா, எட்டா என்று பாயைப் பார்க்கச் சொன்னேன். எண்ணின்மேல் பசை படிந்திருந்தது. தின்னர் வைத்துத் துடைத்தார். துடைத்ததில் பாதி மையும் போய்விட்டது.

"மூணு மாதிரியும் இருக்கு, எட்டு மாதிரியும் இருக்கு டீச்சர். எனக்குத் தெரியல. இருங்க, லென்ஸப் போடுறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "நாப்பது தாண்டுனதுலேருந்து இது இல்லாம ஒரு வேலையும் ஓடுறதில்ல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சொன்னதாகக்கூட இருக்காது.

"மூணு. இடது பக்கம் தெறந்திருக்கு. ஒரு கோடுகூட இல்ல."

"நிச்சயமா பாய்?"

"நூறு சதம்னு சொல்ல மாட்டேன். என் கடைப் பொருளா இருந்தா எழுதிருவேன். இது உங்க பொருளு. நீங்கதான் சொல்லணும்."

இன்று வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், காது பரிசோதனைக்கு நேரம் வாங்கித் தரச் சொல்லித் தனபாலனிடம் சொன்னேன். பரிசோதனைக் கூடத்தின் எண்ணை அவர் இரண்டு வருடமாக மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஜூலை 7, ஞாயிறு

தனபாலனும் வந்தார். கடையில் இருக்கும் ஒரே ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றேன்.

காலையில் குளிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அழிக்காமல் விட்டால் பலகை பத்திரமாக இருக்கும்: செத்த பலகையாக. காதையும் அப்படித்தான் இருபத்திரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

பூட்டைத் திறக்கும் கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தையும் விளக்கிக் கேட்டேன். சரி.

"பாய், கம்பியெல்லாம் நல்லா நிக்குதா?"

"நிக்குது டீச்சர்."

அழுத்தினேன். அழிந்தது. நான்கு நொடிகூட ஆகவில்லை. கோப்பை எழுதச் சொன்னேன். எழுதுகிறேன் என்றது, எழுதினேன் என்றது, சரிபார்த்தேன் என்றது. அடாப்டரைக் கழற்றினேன். பலகையின் சுவிட்சைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் கட்டங்களின்மேல் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

தனபாலன் மூச்சுவிடுவதை நிறுத்தியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தோளில் இருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பாய் ஏதோ பிரார்த்தனை மாதிரி முணுமுணுத்தார். நான் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி தள்ளினேன்.

விரலுக்கடியில் எழும்பின. இருபது கட்டமும், மொத்தமாக, மழைக்குப் பிறகு முளைகள் தரையைப் பொத்துக்கொண்டு வருவதுபோல.

"எல்லாம் எந்திரிச்சு நிக்குது டீச்சர்! எல்லாம் எந்திரிச்சு நிக்குது!" பாயின் சத்தம் எனக்கே கேட்டது என்றால் பேருந்து நிலையத்துக்கே கேட்டிருக்கும்.

முனைகள் ஒருமுறை அமிழ்ந்து, "தயார்" என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு எழும்பின. பதினான்காவது கட்டத்தில் ஒரு முனை மட்டும் எழவில்லை. எழுதும்போது போனதோ, முன்னாலேயே போனதோ தெரியாது. அதனால் அந்த இடத்தில் சில எழுத்துகள் வேறு எழுத்தாகத் தெரியும். பரவாயில்லை, எது எதுவாகத் தெரியும் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

பாய் கூலி வேண்டாம் என்றார். பிறகு தனபாலன் போட்ட அதட்டலில் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 8, திங்கள்

அனிகேத்துக்கு எழுதினேன். விதி வரியை, எண்களோடு, எங்கள் பார்வையற்றோர் மின்னஞ்சல் குழுவுக்கும் அனுப்பினேன். மாலைக்குள் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் தஞ்சாவூர், ஒருவர் கோழிக்கோடு. இருவரிடமும் இதே பலகை அலமாரியில் செத்துக் கிடக்கிறதாம். அடிப்பக்க எண்ணை லென்ஸ் வைத்துப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

ஜூலை 13, சனி

காது பரிசோதனை. ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காத சத்தங்களுக்கு நடுவில் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. எத்தனையைத் தவறவிடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் உட்கார்ந்திருப்பது.

பரிசோதித்த பெண் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னாள்: "ரெண்டு காதுலயும் குறைஞ்சிருக்கு மேடம். மேல் ஸ்தாயிதான் அதிகமாப் போயிருக்கு. மெஷின் வெச்சா நல்லா உதவும். இன்னும் குறையுமான்னா, குறையலாம். மெதுவாத்தான் குறையும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் பாத்துக்கிட்டே இருப்போம்."

"பி-க்கும் டி-க்கும் வித்தியாசம் தெரியுமா?"

"மெஷின் வெச்சாலும் அது கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்" என்றாள். பொய் சொல்லாததற்காகவே அவளைப் பிடித்துப்போனது.

மெஷின் வர இரண்டு வாரம்.

ஜூலை 19, வெள்ளி

ரெஜினா டீச்சரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனை முடிவைக் கையில் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.

"லைப்ரரி வேணாம் மேடம். எனக்கு ஒரு வயர்லெஸ் கீபோர்டு மட்டும் கிளாஸுக்குள்ள அனுமதிச்சாப் போதும்."

"அது எதுக்கு?"

"வந்து பாருங்க."

கடைசிப் பீரியடுக்கு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் முதல் வார்த்தையாகச் சொன்னேன். வகுப்பு அமைதியானதா, இல்லை எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியாது. "டவுட் இருக்கவங்க கீபோர்ட வாங்கி டைப் பண்ணுங்க. இந்தப் பலகை வழியா என் விரலுக்கு வந்துரும்" என்றேன்.

கீபோர்டு பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. முதல் கேள்வி தமிழ்முல்லையுடையது. ஒரு மாதத்துக்கு முன் மூன்று தடவை எழுந்து நின்று கேட்ட அதே கேள்வி: மருது சகோதரர்களின் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டினார்களாமே, அன்றைக்கு அதைப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு விஷயம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

நல்ல கேள்வி. அதற்கு மட்டும் இருபது நிமிடம் பேசினோம். படித்தவன் நின்று உரக்கச் சொல்லியிருப்பான், கேட்டவன் அடுத்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று பிள்ளைகளே தட்டித் தட்டிச் சொன்னார்கள். நடுவில் யாரோ "மேடம் பசிக்குது" என்று தட்டினார்கள். அதையும் உரக்கப் படித்தேன். பெஞ்சுகள் அதிர்ந்தது காலுக்குத் தெரிந்தது.

வெளியே வரும்போது ரெஜினா டீச்சர் என் முழங்கையைத் தொட்டு, வலது பக்கமாக வந்து, "திங்கக்கிழமை டைம்டேபிள்ல மாத்தமில்ல" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஹாலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நாளைய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தனபாலன் கீபோர்டைக் கேட்டார். கொடுத்தேன். சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கத்திப் பேசுகிற வீட்டில் காரியம் மட்டும்தான் பேச முடியும். கேஸ் தீர்ந்துவிட்டது. சாவி எங்கே. தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருடமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான் என்பது எனக்கு அந்த நேரம் வரை தெரியாது. மனசில் இருப்பதைக் கத்திச் சொல்ல யாராலும் முடியாது.

முனைகள் அமிழ்ந்து எழும்பின. பலகையில் ஒரு நேரத்துக்கு இருபது கட்டம்தான், அதனால் துண்டு துண்டாக வந்தது.

"மங்கை, நீ பயப்படுறப்ப"

அடுத்ததற்குப் பொத்தானை அழுத்தினேன்.

"மூச்ச அடக்கிக்குவே."

"எனக்குக் கேக்கும்."

"டாக்டர் சொன்னத நீ"

"சொல்லலேன்னு எனக்குக்"

"கோவம் இல்ல. நானும்"

"ஒண்ணு சொல்லல."

அங்கே நின்றது. சமையலறையில் அவர் யோசிக்கிறார். கூப்பிட்டு என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விரல்களைக் கட்டங்களின்மேல் அப்படியே வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவருக்காக இவ்வளவு பொறுமையாக நான் காத்திருந்ததில்லை.

முனைகள் அசைந்தன. கடைசிக் கட்டம்வரை நிரம்பின. படித்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது எங்கள் இருவருக்குள். பொத்தானை அழுத்தினேன்.